நாகக்கன்னி சொன்ன பதில்

நேற்று வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள்; அந்த நெடி மூக்கில் ஏறியதும், எண்பதை நெருங்கும் நான், இன்று வீடுகளாகிவிட்ட புதுக்கோட்டைப் பொட்டலில், திருவிழாவுக்குப் போட்டிருந்த நாகக்கன்னிக் கூடாரத்துக்குள் மறுபடி சிறுமியாய் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டப்பகலிலும் பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று இரைய, வியர்வையும் வார்னிஷும் கலந்து நாற, மேடையில் சுருண்டு கிடந்த பச்சைப் பாம்புடம்பின் மேல் ஒரு பெண்ணின் தலை இருந்தது.

அது எங்கள் அக்காவின் முகம்.

மாட்டேன் மாட்டேன் என்று அழுதவளை இரண்டு வருஷம் முன்பு அப்பாதான் அதட்டிக் கட்டிக்கொடுத்தார். கேட்டவர்களிடமெல்லாம் மதுரையில் ராணி மாதிரி இருக்கிறாள் என்பார்.

கூடாரத்துக்காரன் ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்பதையே கேட்டான்.

"ஏம்மா, நீ எப்படிப் பாம்பாப் போன?"

"பெத்தவுக பேச்சைக் கேக்கலைங்க, பாம்பாப் போயிட்டேன்" என்பதுதான் வழக்கமான பதில். முன்பே பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைத் தலையாட்டித் தலையாட்டிச் சொல்லிக்காட்டியிருந்தார்கள்.

அக்காவின் கண் கூட்டத்தில் அலைந்து, அப்பாவிடம் வந்து நின்றது.

"எங்கப்பா பேச்சைக் கேட்டேங்க," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அடுத்தவளான நான் அப்பாவின் விரலை விட்டுவிட்டேன்.