காதுக்குள் ஒரு வெள்ளை உருண்டை

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடலில் மூன்று முழுக்குப் போட்டால் பீடை விலகும் என்பது அத்தையின் கட்சி. அத்தை அப்பாவின் தங்கை. படாளத்தில் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு ஓட்டை விழுந்த இடது காதில் ஆபரேஷன் செய்து ஜவ்வு ஒட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. காதில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அத்தை பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் காதை அடைத்து என்னை முக்கினாள். இரண்டாவது முழுக்கிலேயே பஞ்சு அலையோடு போய்விட்டது.

“உங்கம்மா கைல சொல்லாத,” என்றாள். பத்து வயதில் ரகசியம் என்றால் பெருமைதானே, ஒப்புக்கொண்டேன்.

ஆடியில் அந்தக் காது அடைத்துக்கொண்டது. தலையணையில் நாற்றம் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் மறுபடியும் காதுக்குப் பின்னால் முடியை மழித்துக் கத்தி வைப்பார்கள். அத்தையை அம்மா வீட்டைவிட்டே துரத்திவிடுவாள். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

தலைவாரும்போது அம்மாவுக்கு நாற்றம் தெரிந்துவிட்டது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

“இன்னாடி இது, உள்ள வெள்ளையா உருண்டையா கீது?”

அவள் அப்படிக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“என் பொண்ணு காத நாசம் பண்ணிட்டியே,” என்றாள் அம்மா. “சாமி காரியம்னுதான் இட்டுகினு போனேன் அண்ணி,” என்று அத்தை அழுதாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இதெல்லாம் மூளைக்குப் போய்விடுமாம் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவைத்தார்கள். அசைந்தால் உருண்டுவிடும் என்று பயந்து, செங்கல்பட்டு வரை பஸ்ஸில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்.

“கடல் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஜவ்வு ஒட்டினப்ப துளி தோல் உள்ள மாட்டியிருக்கும். யார் செஞ்சாலும் அபூர்வமா இப்படி ஆகும். அதுதான் மெதுவா வளந்திருக்கு. மூளைக்கெல்லாம் போகல, எடுத்துடலாம்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா மட்டும், “அப்ப, அந்த ஆபரேஷனே பண்ணாம இருந்திருந்தா?” என்று கேட்டாள். காது கேட்காமலே போயிருக்கும் என்றார் அவர். அதை அவள் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் எடுத்தார்கள். இன்று நன்றாகவே கேட்கிறது. ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி, “அத்த, உன்னால இல்லியாம், ஆபரேஷனாலதானாம்,” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நாலு வருஷம் முன்னால், சொட்டு மருந்தே போதும் என்று அப்பாவும் அத்தையும் தடுத்தபோது, தனியாளாக என்னைக் கூட்டிப் போய் அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் அம்மா. அது எனக்குத் தெரியும். அவள் ஏன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டாள் என்பதுதான் அன்று விளங்கவில்லை.