தோளுக்கு ஏறிய துண்டு

மூத்த பேத்தி நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டாள். பேரன் வக்கீல். சின்னவள் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்.

இன்று நானும் வீட்டுக்காரரும் விளாங்குடி பஸ்ஸில் வந்தோம். முன்பு எங்களைக் கூலிக்கு வைத்திருந்த ஊர்ப் பெரியவர் ஏறி, வீட்டுக்காரரின் தோளைப் பார்த்தார்.

“என்னடா, துண்டு தோளுக்கு ஏறிருச்சு?”

துண்டு என்றால் ஊருக்கெல்லாம் துடைக்கிற துணி. எங்கள் ஆட்கள் மட்டும் பெரியவர் சாதிக்காரர்களைக் கண்டால் அதை இடுப்பில் கட்ட வேண்டும் என்றிருந்தது.

எழுபது வயது மனுசனை ‘டா’ போடுகிறார். அதைவிட, வீட்டுக்காரரின் பழகிய கை தானாகத் துண்டை உருவப் போனதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஏறி ரொம்ப வருசமாச்சுய்யா. ஒங்களுக்குத்தான் சேதி வந்து சேரல.”

பிள்ளைகளா, ஞாயிற்றுக்கிழமை வந்து, தாத்தா தோளில் துண்டோடு புதுப் போட்டோ எடுத்து இந்த ஊர் குரூப்பிலேயே போடுங்கள். அந்தப் பெரியவரும் இதைப் பார்ப்பவர்தான். லைக் போடுகிறாரா பார்ப்போம்.