ஏழு வாத்துக்குஞ்சும் மூன்று ஷிப்டும்

குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறியபோது மாமாவின் மடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஏழு வாத்துக்குஞ்சுகள். கோழி அடைகாத்துப் பொரித்தவை என்று சொல்லிச் சந்தையில் கொடுத்தார்கள். பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு மூக்கு வெளியே வந்து, பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. கண்டக்டர் பெட்டியைத் தட்டினார். "என்னாய்யா, உள்ள எத்தினி பேரு? டிக்கெட் எடுத்தியா?" மாமா முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எல்லாம் கைக்கொழந்தைங்க சார்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓடும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்த என்னை டவுன்ஷிப் தோட்ட வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். போன மாதம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு, அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பீடி, புரோட்டா, கண்ணேறு. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. யாரும் சொல்லாத ஒரு காரணம் அவளிடம் இருந்ததும், அதைத்தான் விழுங்க முடியாமல் அவள் உட்கார்ந்திருந்ததும் எனக்கு அப்போது தெரியாது.

வாத்துக்கதைக்கு வருகிறேன். அது மார்கழி மாதம். பின்கட்டில் கம்பி வலை அடித்து, பல்பு ஒன்று தொங்கவிட்டு மாமா கூண்டு கட்டினார். நாலாம் நாள் விடிந்ததும் ஒரு குஞ்சு கால் நீட்டிக் கிடந்தது. முந்தின நாள் மாலை குதித்துக்கொண்டிருந்த குஞ்சு. மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் மூன்றாவது.

எதிர் குவார்ட்டர்ஸ் பெரியம்மா திருநெல்வேலிப் பக்கம். "எலி கடிச்சிருக்கும்லா" என்றார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தீவனக் கடை பாயிடம் ஓடினேன். அவர் நான் கொண்டுபோன தீவனத்தை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார். "பூஞ்சை புடிச்சிருந்தா வாத்துக்குஞ்சு ஒரே நாள்ல போயிடும் தம்பி. கோழிகூட தாங்கும், இது தாங்காது. ஆனா இது நல்ல தீவனம். என் கடையில வாங்கினதாச்சே" என்றார். பல்பு சூடு அதிகமோ என்று மாமா அதை மேலே தூக்கினார். குறைவோ என்று அக்கா கீழே இறக்கினாள். நான் நடுவில் கட்டினேன்.

"இந்த நாலும் போச்சுன்னா, இனிமே இந்த வூட்ல உசுருள்ள எதையும் கொண்டாராதீங்க" என்று அக்கா அழுதாள். அவள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். முதல் ஷிப்ட். மாமாவுக்கு இரண்டாவது ஷிப்ட். எனக்குக் காலை போய் மாலை வரும் வேலை. ஒரே வீட்டில் இருந்தும் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அந்த மாதத்தில் கிடையாது. மாமாவுக்கு ஓய்வு வந்த நாளில் நானும் அக்காவும் லீவு போட்டு, செத்த குஞ்சு ஒன்றைப் பையில் சுற்றிக்கொண்டு மூன்று பேருமாகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். தீவனம், தண்ணீர், எலி மருந்து, மினுக்கென்று தெரிந்த ஆணி, கம்பி எதையாவது விழுங்கியதா என்று. கடைசியாக, "தண்ணில நீந்த வுடுவீங்களா?" என்றார்.

"நாளைக்கு ஒரே ஒரு வாட்டிதாங்க" என்றோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீ எப்ப வுட்ட?" என்றாள் அக்கா மாமாவிடம்.

"காலையிலதான். நீ டூட்டிக்குப் போனப்புறம் பேசின்ல கொஞ்ச நேரம். நீ எப்படி?"

"நான் ரெண்டு மணிக்கு வந்து. ஆசையா இருந்திச்சி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பால் வாங்கப் போகும் நேரம் நான் விடுவேன் என்றேன். பொழுது சாய்ந்த பிறகு.

தாய் வாத்தோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து எண்ணெய் ஒட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது என்றார் டாக்டரம்மா. கோழி பொரித்த குஞ்சுக்கு அது இல்லை. துணி மாதிரி நனைந்துவிடும். ஒரு முறை என்றால் காய்ந்திருக்கும். "நீங்க மூணு ஷிப்டும் ஓட்டியிருக்கீங்க. மார்கழி குளிர்ல விறைச்சே போயிருக்கு" என்றார்.

கடைசி ஷிப்ட் என்னுடையது. ஈரத்தோடு ராத்திரிக்குள் அனுப்பியவன் நான். வெளியே வந்ததும் நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "மாப்ள, சுரங்கத்துல ஷிப்டு மாறும்போது, என்னா செஞ்சேன், என்னா பாக்கின்னு அடுத்த ஆளுகிட்ட சொல்லிட்டுதான் கெளம்பணும். நம்ம வூட்ல அது இல்ல. தப்பு அங்கதான், உங்கிட்ட இல்ல" என்றார். அன்றிலிருந்து பேசினைக் கவிழ்த்தே வைத்தோம். நாலும் பிழைத்து, கழுத்து நீண்டு, தெருவையே கத்தி எழுப்பின. "பாருடா, இதுங்க பர்மனென்ட் ஆயிடுச்சு. நான்தான் இன்னும் கான்ட்ராக்ட்" என்பார் மாமா.

நேற்று மத்தியானம் அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். மாமாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் திடீரென்று பேசினாள். "அன்னிக்குக் காலைல நான் கெளம்பும்போது அவருக்கு வேர்த்துகினு இருந்திச்சிடா. தூங்கட்டும்னு எழுப்பாம, ஃபேன கூட்டி வச்சிட்டுப் போயிட்டேன்."

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்கிட்ட தோள் வலிக்குதுன்னாரு. தைலம் தேச்சிவுட்டேன். உங்கிட்ட சொல்லல" என்றேன்.

அக்கா என்னையே வெறித்துப் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா முன்னால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உதடு கோணியது. அழுகை என்று நினைத்தேன், சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சமையல்கட்டிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமாவின் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"யோவ், நாங்க ரெண்டு பேரும் ஒத்துகினோம். நீ வலிக்குதுன்னு எங்கிட்ட சொன்னியா? நீயும் ஒத்துக்க" என்றாள்.

தள்ளி வைத்த தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தாள்.