என் மீனோடு அவர் எடுத்துக்கொண்ட படம்

மால்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்த மூன்று வருடத்தில் நான் ஈட்டியால் குத்திப் பிடித்த மீன் மொத்தம் ஒன்று. அதைப் பிடித்தது நான்தான் என்பதை எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாள் யாருக்கும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். அங்கிருந்த பெரிய சமையல்காரர் அந்த ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடலில் முங்கி மீன் வேட்டையாடுவார். ஒருநாள் எங்களையும் கூப்பிட்டார். வீட்டுக்காரர் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். தண்ணீர் என்றால் அவருக்குக் குழாயில் வருவது. நான் வடக்கனந்தலில் கிணற்றில் குதித்தே வளர்ந்தவள். அதனால் ரப்பர் சட்டையை நான் மாட்டிக்கொண்டேன். அவர் பாறைமேல் உட்கார்ந்து என் துண்டைப் பார்த்துக்கொண்டார்.

அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்று ஆள் ஆழத்தில் கிடந்த கூழாங்கல்லைக் கூட எண்ணிவிடலாம். என் நிழல் கீழே மணலில் தனியாக நீந்திக்கொண்டு போனது. நான் மீனைப் பார்க்கிற அளவுக்கு மீனும் என்னைப் பார்த்தது, அதுதான் சிக்கல். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாறையைக் கட்டிப்பிடித்துப் பிணம் மாதிரி கிடந்தால் என்னவென்று பார்க்க மீனே வரும் என்று சமையல்காரர் சொல்லியிருந்தார். கிடந்தேன். சாம்பல் நிறத்தில், முழங்கை நீளத்துக்கு ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஈட்டித் துப்பாக்கியின் விசையை அழுத்தினேன். சத்தியமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான்.

கரையேறியதும் மீனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு முகமூடியைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து சமையல்காரர் படம் எடுத்துவிட்டார். அன்றைக்கே அது குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போனது. கீழே ஒரே வரி: "இன்னிக்கு வேட்ட." நானும் ஒரு கைதட்டல் போட்டேன். மனுஷன் சந்தோஷமாக இருக்கிறாரே என்றுதான்.

ஊர் திரும்பும்போது சமையல்காரர் தன் பழைய முகமூடி, நீந்தும்போது காலில் மாட்டும் தவளைக்கால் செருப்பு, ஈட்டித் துப்பாக்கி எல்லாவற்றையும் எங்களுக்குக் கொடுத்தார். துப்பாக்கியின் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் ஈட்டி பாயும். ஈட்டியின் வால் ஒரு நைலான் கயிற்றால் துப்பாக்கியோடு கட்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு வடக்கனந்தலில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்காரர் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு கடல் கதையாகச் சொன்னார். அண்ணன் கடைசிவரை கேட்டார்.

"நம்ம கெணத்துல ஜிலேபி மீனு ஜாஸ்தியா இருக்குது மாப்ள. மலையில பேஞ்ச மழைக்கு ஊத்து எடுத்து, தண்ணி கண்ணாடியாட்டம் நிக்கிது. ஒரு ரெண்டு குத்திக் குடுங்களேன்."

"இது உப்புத் தண்ணி துப்பாக்கி மச்சான். நல்ல தண்ணியில ஈட்டி கோணிக்கும்."

"கோணுனா நிமித்திக்கலாம், வாங்க."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என்ன நடக்கிறதென்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் இருக்க வேண்டும், தவளைக்கால் செருப்பை அவர் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். அதோடு மரவள்ளிக் காட்டு வரப்பில் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை இடுப்பு வரைக்கும் தூக்கினார். அண்ணன் வீட்டு நாய் இப்படி நடக்கிற ஆளை ஜென்மத்தில் பார்த்ததில்லை. வலது செருப்பின் நுனியைக் கவ்வியது, விடவே இல்லை. கிணறு வரைக்கும் நாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போனார்.

கரண்ட் இருந்த நேரம், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு ஹோஸ் பைப்பு கிணற்றின் பக்கச் சுவரை ஒட்டி மேலேறியது. அவர் பின்பக்கமாகப் படியில் இறங்கினார். கடைசிப் படியில் நின்று ரப்பரை இழுத்து மாட்டினார், முகமூடியைப் போட்டார், நெஞ்சில் சிலுவை போட்டார். சிலுவை போட்ட கைதான் விசையில் பட்டிருக்க வேண்டும். ஈட்டி பாய்ந்து நேராகப் பைப்பைத் துளைத்தது. அங்கிருந்து ஒரு நீர்த்தாரை கிளம்பி, வேடிக்கை பார்க்க மேலே நின்ற அண்ணியின் முகத்தில் அடித்தது. இவர் கால் வழுக்கித் தண்ணீருக்குள் போனார். துப்பாக்கியை மட்டும் விடவில்லை. அதனால் முங்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. பைப்பில் குத்தி நின்ற ஈட்டியிலிருந்து, அந்த நைலான் கயிற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் தொங்கினார்.

"மாட்டிக்கிச்சி! மாட்டிக்கிச்சி!" என்று கத்தினார்.

"மீனா மாப்ள?" என்று அண்ணன் மேலிருந்து கேட்டார்.

"நான்!"

சுடிதாரோடு குதித்தேன். பிடரியைப் பிடித்து இழுத்து வந்து படியில் உட்கார வைத்தேன். முகமூடிக்குள் பாதி தண்ணீர். அதற்குள்ளிருந்து என்னைப் பார்த்து, "நீ சொல்லிட்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"யாரும் சொல்ல வாணாம்," என்றார் அண்ணன். "அந்த போட்டோவுல உங்க தல சீவுனது சீவுனபடி இருந்திச்சி. பின்னால என் தங்கச்சி சொட்டச் சொட்ட நிக்கிது. அன்னிக்கே தெரியும்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஈட்டியைப் பைப்பிலிருந்து பிடுங்கி நானும் முங்கினேன். ஜிலேபிகள் கல் இடுக்கில் போய் ஒளிந்துகொண்டன. இரண்டு முறை கல்லைக் குத்தினேன். மூன்றாவது முறை ஒன்று அகப்பட்டது. உள்ளங்கையை விடச் சின்னது. இந்த முறை கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், அது மட்டும்தான் முன்னேற்றம்.

"இன்னா இது, இத்த கொழம்பு வெக்கிறதா, உட்டுட்றதா?" என்றார் அண்ணி. மதியம் கோழிக் குழம்புதான் வைத்தார். அந்த ஒற்றை மீனைப் பொரித்து வீட்டுக்காரர் இலையில் வைத்தார்கள். அவர் அதைத் தலை, வால் எதையும் விடாமல் மரியாதையோடு சாப்பிட்டார்.

சாயந்திரம் யாரும் சொல்லாமலே கிணற்றுக்குப் போனார். பைப்பின் ஓட்டைமேல் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, கம்பி போட்டு முறுக்கினார். மோட்டாரைப் போடச் சொன்னார்.

"பாரு, ஒரு சொட்டு கசியல."

டியூபுக்கு அடியிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் மலையைப் பார்த்தேன்.

"ஆமா மாப்ள, சூப்பரா நிக்கிது," என்றார் அண்ணன்.