பொத்தான் இல்லாத சட்டை

மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் உடுப்பு மாற்றுவதில்தான் நடந்தது. பொத்தான் பூட்ட நான் கிட்டப் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வர மறுத்து, இரவு உடையோடு கட்டிலிலேயே கிடந்தாள். கை இறுகிக்கொண்டே போனது.

"செத்தாப் பிறகு உடுத்திவிடுங்கோ. அதுவரைக்கும் என்னைத் தொடாதேங்கோ" என்றாள் ஒரு காலை.

நான் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அன்று, புதிதாக மாட்டியிருந்த படங்களின் கண்ணாடியைத் துடைக்கும்போது ஒன்றில் கை நின்றுவிட்டது. ஐம்பதுகளில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஒருவர் பென்சிலால் வரைந்தது. அகலக் காற்சட்டையும் தொளதொளத்த மேற்சட்டையும் போட்ட பெண். விருந்துக்கான உடுப்பல்ல, கடற்கரையில் சும்மா நடக்கப் போடுவது. சட்டையில் ஒரு பொத்தானும் இல்லை. முன்பக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இடுப்பில் நாடாவால் ஒரு கட்டு, அவ்வளவுதான். இதை ஒற்றைக் கையால் போடலாமே! கைபேசியில் படம் எடுத்தேன்.

எனக்குத் தைக்கத் தெரியாது. தெரிந்தவள் அவள், கேட்கப் பயம். என் வேட்டிகளை வெட்டி, அவளுடைய தையல் மெஷினில் பிழையாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். கழுத்து கோணித்தான் வந்தது. கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

"வெள்ளையோ? நீங்கள் உயிரோட இருக்கேக்கையே எனக்கு வெள்ளை உடுத்தப் பாக்கிறியளோ?"

அதை நான் யோசிக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "ஒரு படத்தைப் பாத்துத் தைச்சனான். வேற என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லையப்பா."

இடது கையை நீட்டி, "எங்க, அந்தப் படத்தைக் காட்டுங்கோ" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீலம் எண்டால் வடிவாயிருக்கும்."

பக்கத்து வில்லரேயில் ஒரு கடையில் நீலச் சாயம் வாங்கி வாளியில் தோய்த்தேன். திட்டுத் திட்டாகத்தான் பிடித்தது. கிளினிக் நாளன்று என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னாள். உள்ளே எதுவோ விழுந்தது. ஆத்திரத்தில் அழுவதும் கேட்டது. கதவில் கை வைத்தேன்.

"வராதேங்கோ!"

செயலிழந்த கையை முதலில் நுழைத்து, நாடாவைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள்.

கை இனிப் பழையபடி வராது என்று அன்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நின்று, "படத்தில இருந்த அந்தக் காற்சட்டையையும் தைச்சுத் தாங்கோ" என்றாள்.