வெடிமருந்துப் பெட்டியில் ஏழு குஞ்சுகள்

கடல் பறவையின் குஞ்சு கும்மிருட்டிலும் மோப்பம் பிடித்தே தன் பொந்தைக் கண்டுபிடித்துவிடும் என்று டி.வி.யில் ஒருத்தர் அதிசயமாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. நான் பட்டிருக்கிறேன்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில், சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் பங்காருபேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் கோழி அப்போதுதான் ஏழு குஞ்சு பொரித்திருந்தது.

"மாமியார் கிட்ட விட்டா அவ்ளோதான். நீதான் பாத்துக்கணும்க்கா. ஒண்ணு கூட கொறையக் கூடாது" என்று கூடையோடு கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிவதற்குள் தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. கூடை வேறு நாறியது. எனக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். வைக்கோலைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கூடையைக் கொல்லையில் எறிந்தேன். சுரங்கத்துக்கு வெடிமருந்து வரும் மரப்பெட்டி இல்லாத வீடு எங்கள் லைனில் கிடையாது. அரிசிக்கும் அதுதான், துணிக்கும் அதுதான். ஆனால் ஒரு மாதம் வெயிலில் காயப்போட்டுத்தான் வீட்டுக்குள் எடுப்போம். என் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் கொண்டுவந்திருந்த பெட்டியில், அவசரத்துக்குப் பழைய புடவையை விரித்துக் குஞ்சுகளை விட்டேன்.

கத்தின கத்து இருக்கிறதே! ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடியின் இடுக்கில் மூக்கை நீட்டின. குளிர் என்று நினைத்து பல்பைக் கட்டித் தொங்கவிட்டேன். நொய்யரிசி போட்டேன், தொடவில்லை. பதினொரு மணிக்கு ஒன்று தலை தொங்கிவிட்டது. அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அழுகையே வந்துவிட்டது.

மிச்சம் ஆறையும் தரையில் எடுத்து விட்டேன். தள்ளாடிக்கொண்டே ஒன்று வாசற்படி தாண்டி, கொல்லையில் கிடந்த வெறும் கூடைக்குள் நுழைந்தது. மூலையில் ஒட்டியிருந்த வைக்கோலில் அலகைச் செருகிக்கொண்டு கத்தலை நிறுத்தியது.

அட பாவி மகளே என்று என்னையே திட்டிக்கொண்டு குப்பைக்கு ஓடினேன். தூறலில் நனைந்து, சாம்பல் அப்பிக் கிடந்த வைக்கோலைக் கையாலேயே வாரினேன். அடுப்படியில் உலர்த்திக் கூடையில் போட்டு ஆறையும் விட்டேன். வைக்கோலுக்கடியில் புகுந்து அடங்கிவிட்டன. கொஞ்ச நேரத்தில் ஒன்று வெளியே வந்து நொய்யைக் கொத்தியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அவர் வந்தார். செத்த குஞ்சைக் காட்டி, "உங்க பெட்டிதான் கொன்னுச்சு" என்று கத்தினேன்.

அவர் பெட்டியை முகர்ந்துவிட்டு வெளியே கொண்டுபோய் வைத்தார்.

"மருந்து நெடி. எனக்கே ஆவாது. ஞாயித்துக்கெழம லீவுல கொஞ்சம் தெளியும். திங்கக்கெழம திரும்ப எறங்கினா தல வெடிக்கும், கண்ணத் தொறக்க முடியாது."

"எத்தினி வருஷமா?"

"வேலைக்குச் சேந்ததுலேர்ந்து."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து படுத்துவிடுகிறார் என்று அவரிடம் நான் போடாத சண்டையில்லை.