ஏரியலில் தடவிய கிரீஸ்

எண்பதுகளில் பாலக்கோட்டில் குடியிருந்தோம். தெருவில் நிறுத்தியிருந்த என் காரின் ரேடியோ ஏரியலை யாரோ ஒடித்துவிட்டார்கள். எதிர்வீட்டு மெத்தைக் கடை பாய்தான் என்று முடிவுகட்டினேன். கடையை மறைத்துக் காரை நிறுத்துகிறேன் என்று என்னோடு சண்டை போட்டவர் அவர்தான்.

தர்மபுரியில் புது ஏரியல் வாங்கிவந்து நானே மாட்டினேன். ரேடியோ பாடியது, என் ஆத்திரம் அடங்கவில்லை. ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு, நுனிவரை கறுத்த கிரீஸைப் பூசினேன். தொட்டவன் கையோடு மாட்டட்டும்!

சாயங்காலம் பாயின் உள்ளங்கை கறுத்திருந்தது. தெருவே கேட்கக் கத்தினேன்.

"இந்தக் கைதானே ஒடிச்சது?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க ஏரியல இழுத்தபடியே வுட்டுட்டுப் போயிடறீங்க. பசங்க ஒடிச்சிருவாங்கன்னு தெனமும் நாந்தானுங்க உள்ள அழுத்தி வுடறேன். போன வாரம் ரெண்டு நாளு நான் ஊர்ல இல்லீங்க."

இழுத்துவிட்ட ஏரியல் காலையில் உள்ளே இருப்பது எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாளும் பழக்கதோஷத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். அடுத்த நாள் காலையில் அது நீட்டியபடியே நின்றது. முதன்முறையாக நானே அதை உள்ளே அழுத்தினேன். என் கையெல்லாம் கறுப்பு. கழுவத் தோன்றவில்லை. அந்தக் கையோடுதான் பாயின் கடைக்குப் போனேன்.